படைப்பிலக்கியமும் பேகம்பேட்டுக் கொசுவும்



சென்ற ஆண்டு நம் சங்கத்து மலருக்கு நான் ஒரு கவிதை எழுதிக் கொடுத்தேன். தலைப்பு ‘அன்னை’. இருபத்து நான்கு வரிகள். அதில் தியாகம் இருந்தது, தெய்வம் இருந்தது, மெழுகுவத்தி உருகிற்று, கடலும் வந்து தன் ஆழத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. மலர்க் குழுவில் இருந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், மூன்று நாள் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது: “தம்பி, உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார்?”

எனக்குக் கோபம் வந்தது. கவிதையைக் கேட்டால் குடும்ப விவரம் கேட்கிறாரே என்று எண்ணினேன். விலங்கியல் படிப்பவனுக்குக் கவிதை எதற்கு என்று கேலி செய்கிறாரோ என்றும் தோன்றியது. அந்தக் கேள்விக்குள் ஒரு பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது விளங்கச் சில மாதங்கள் ஆயின. அது விளங்கிய விதத்தைச் சொல்வதே இக்கட்டுரை. படைப்பிலக்கியம் என்றால் என்ன, அது எவ்வெவ் வடிவங்களில் வரும் என்று இலக்கணம் வகுக்க நான் தமிழ் வித்துவான் அல்லன், எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவன். ஆகவே எனக்குப் பழக்கமான வழியில், ஒரு மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்து அறுத்துப் பார்க்கிறேன்.

அந்த மாதிரி நான் குடியிருக்கும் பேகம்பேட்டிலேயே கிடைத்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு பயணிகள் போக்குவரத்து நின்றுபோன பழைய விமான நிலையத்தை அடுத்து ஒரு பழங்காலக் கட்டடம் உண்டு. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சர் ரொனால்டு ராஸ் பெயரால் வழங்குவது. நம்மில் பலர் அதன் பக்கமாகப் போயிருப்போம். திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கே இராணுவ வைத்தியராக இருந்த ராஸ், மலேரியாக் காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிக்கொண்டிருந்தார். உசேன் கான் என்னும் நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்க வைத்துக் கொசுக்களைக் கடிக்க விடுவார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அப்படி இரத்தம் குடித்த கொசுக்களை நாளுக்குச் சில வீதம் அறுத்துப் பார்த்து வந்தவர், ஆகஸ்டு 20-ஆம் நாள் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும் பொடிகள் நிறைந்த சில உயிரணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை இன்னும் பெரியனவாக வளர்ந்திருந்தன. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பதற்கு முதற்சான்று அதுவே. 1902-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இது நம் பாடப் புத்தகத்தில் உள்ள செய்திதான்.

பாடப் புத்தகத்தில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. இந்த ராஸ் ஓர் எழுத்தாளர்! பேகம்பேட்டு நிகழ்ச்சிக்கு எட்டாண்டு முன்னரே, 1889-இல், கடலைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டவர். ஆகவே அந்த ஒரே நிகழ்ச்சியை அவர் ஒரு முறையோடு விடவில்லை; வெவ்வேறு வகையாக எழுதினார். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலாவது, ஆய்வுக் கட்டுரை. 1897 டிசம்பர் 18-ஆம் நாள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்தது. தலைப்பே எவ்வளவு அடக்கமானது பாருங்கள்: மலேரியா இரத்தம் குடித்த இரண்டு கொசுக்களில் காணப்பட்ட சில விசித்திரமான உயிரணுக்களைப் பற்றி! உலகத்தையே மாற்றப்போகிற செய்தி, ‘இரண்டு கொசுக்கள்’ என்று எண்ணிக்கையைச் சொல்லிக் கைகட்டி நிற்கிறது. இரண்டாவது, ஒரு கவிதை. கண்டுபிடிப்பைத் தொடர்ந்த நாட்களிலேயே எழுதியது. இறைவனுக்கு நன்றி சொல்லிச் சாவை எதிரே நிறுத்திப் பேசுவது. மூன்றாவது, 1923-இல் வெளிவந்த அவருடைய தன் வரலாறு. வெக்கை தாங்காத அறை. பங்காவை இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும், ஆகவே காற்று வேண்டாம். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துப் போயின. இதெல்லாம் அவர் விவரிப்பவை.

முதல் எழுத்தில் ராஸ் என்ற மனிதர் இல்லை. இருக்கவும் கூடாது. நம் ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டில், “இன்று எனக்குத் தலைவலி, ஆயினும் மனம் தளராமல் கரப்பானை அறுத்தேன்” என்று எழுதினால் பேராசிரியர் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதையே கண்டிருப்பார் என்பதே விஞ்ஞான எழுத்தின் உறுதிமொழி. படைப்பிலக்கியத்தின் உறுதிமொழி இதற்கு நேர் எதிரானது. இந்த ஒரு மனிதன், இந்த ஓர் அறையில், இந்தப் பிற்பகலில் கண்டது இது. வா, வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார் என்று அது அழைக்கிறது. அழைப்பதோடு நில்லாமல் உட்காரவும் வைத்துவிட வேண்டும். அப்படி உட்கார வைத்தால் அது படைப்பு. வைக்காவிட்டால் எதுகை மோனை எத்தனை இருந்தாலும் வெறும் எழுத்து.

இப்படிப் பார்க்கும்போது நம்மிடையே உலவும் ஒரு தவறான எண்ணம் கலைந்துவிடுகிறது. படைப்பு என்றால் பொய், கற்பனை. மற்றவையெல்லாம் மெய் என்று பலர் நினைக்கிறோம். ராஸின் தன் வரலாற்றில் கற்பனை இல்லை. ஆயினும் அந்தத் துருப்பிடித்த திருகாணியால் அது படைப்பாகிவிடுகிறது. அவருடைய கவிதையோ (என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருபவர் வரலாம்) பெரிய சொற்களால் நிறைந்தது, நடுத்தரமானது. கடவுளும் சாவும் அந்தக் கவிதைக்குள் வந்தபோது கொசு வெளியே போய்விட்டது. என்னுடைய ‘அன்னை’க்கும் அதே நோய்தான். அவருடையதாவது நோபெல் பரிசு பெற்றவருடையது!

இந்த அறையில் இன்னொருவர் இருந்தார் என்பதை மறந்துவிட வேண்டாம். உசேன் கான். அணாக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு, காய்ச்சலோடு வலைக்குள் படுத்துக் கொசுவுக்கு உடம்பைக் கொடுத்த அந்த மனிதர் என்ன நினைத்தார்? துரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாரா? அந்த அணாக்களை வைத்து என்ன வாங்கினார்? ஆய்வுக் கட்டுரைக்கு இது தேவையில்லை, வரலாற்றுக்குச் சான்றில்லை. சான்று முடிந்த இடத்தில்தான் சிறுகதை தொடங்குகிறது. கற்பனைக்கு உள்ள உண்மையான வேலை இதுவே: இல்லாததை அலங்கரிப்பதன்று, இருந்தும் பேசாமற் போனவரின் பக்கம் போய் நிற்பது. வ. வே. சு. ஐயர் ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியபோது கதையைச் சொல்லும் பொறுப்பை மரத்திடமே ஒப்படைத்தாரே, எதற்காக? அந்தப் பெண்ணின் துயரத்தை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். யார் சொல்வது என்று முடிவு செய்துவிட்டால் கதையில் பாதி எழுதியாயிற்று.

நம் முன்னோருக்கு இது தெரியாததன்று. உலகத்தில் நடப்பதை உலகியல் வழக்கு என்றும், புலவன் புனைந்து அமைப்பதை நாடக வழக்கு என்றும் பிரித்து, இரண்டும் கலந்ததே பாடலுக்கு உரிய நெறி என்றார் தொல்காப்பியர். அவர் சொன்ன இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது. ஆனால் அந்தப் பாட்டில் கிடக்கும் பூ எது, பறவை எது, பொழுது எது என்பதிலே மட்டும் மயக்கமே இருக்காது. பெயரை மறைத்துவிட்டுச் சூழலைத் துல்லியமாக வைத்தால், படிப்பவன் அந்த வெற்றிடத்தில் தானே போய் நின்றுகொள்கிறான். விலங்கியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாரையையும் நண்டையும் அவர்கள் பார்த்த கண், குறிப்பேடு எழுதும் கண்.

இனி, நம் ஊரில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். கொசுவைவிடப் பெரியது, கசப்பானது.

1948 செப்டம்பர் 13-இல் இந்திய இராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது. ‘போலீஸ் நடவடிக்கை’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதற்கு முன் ரஜாக்கர்களின் கொடுமை. அதற்குப் பின் சமஸ்தானத்தின் பல பகுதிகளில் முஸ்லிம்கள்மேல் நடந்த கொலையும் கொள்ளையும். பின்னதை விசாரிக்கப் பண்டித சுந்தர்லால் தலைமையில் நேரு ஒரு குழுவை அனுப்பினார். இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று அக்குழு மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமலே இருந்தது.

அப்போது சிகந்தராபாத்தில் ஒரு தமிழ்ப் பையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தகப்பனார் நிஜாம் ரெயில்வேயில் உத்தியோகம். 1931-இல் இங்கேயே பிறந்த அவர், தகப்பனார் மறைந்தபின் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் அசோகமித்திரன் என்று நாம் அறிந்தவர் அவரே. 1977-இல் அவர் வெளியிட்ட நாவல் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. பூகோளப் படத்தில் நம் ஊர் 17-க்கும் 18-க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆகவே தலைப்பு கணக்குக்குச் சரியா என்று விஞ்ஞான மாணவர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பிறகு படித்துக்கொண்டு போனபோது கேட்க மறந்துவிட்டேன்.

அந்த நாவலில் நிஜாமின் தர்பார் இல்லை. தளபதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் தீட்டுவதில்லை. சந்திரசேகரன் என்ற இளைஞன் கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிள் மிதிக்கிறான், வீட்டு மாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறான். பெரிய வீதியில் வரலாறு போய்க்கொண்டிருக்கிறது. இவன் பக்கத்துச் சந்தில் போய்க்கொண்டிருக்கிறான். கடைசியில் கலவரத்தின் நடுவே ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் அஞ்சி ஒடுங்கி நிற்கிறது. தன் குடும்பத்தாரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் இளம்பெண் தன்னையே இவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். கொல்ல வந்தவன் என்று தன்னை நினைத்துவிட்டார்கள் என்பதை உணர்ந்த அவன் கூசி, குமட்டி, அங்கிருந்து ஓடுகிறான்.

27,000 என்ற எண் அறிக்கைக்குள் பூட்டிக் கிடந்த காலத்திலேயே, அந்த ஒரு வீடு தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் திறந்து கிடந்தது. எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவன் அது நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவான். ஆனால் எண்ணைப் படித்தபோது நான் தலையை ஆட்டினேன். அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாவலுக்காக அவர் என்ன என்ன விட்டுவிட்டார் என்று எண்ணிப் பாருங்கள். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதிலேதான் எழுத்தாளன் தேறுகிறான், அல்லது தோற்கிறான்.

வடிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டுமல்லவா? தலைப்பு கொடுத்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். இதில் நான் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை யாப்பைத் தொல்காப்பியர் எண்ணினார். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. நம் பாட்டிமார் அடுப்படியில் சொல்வதும் அவருடைய பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது! நாவல் 1879-இல் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தோடு வந்து சேர்ந்தது. சிறுகதை அதற்குப் பின், புதுக்கவிதை ந. பிச்சமூர்த்தியின் கையால் 1934-இல். அச்சுக்காக எழுதாமல் தமக்காக எழுதிவைத்த புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும், ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’மும் கதைகள் அல்ல, கதையைப்போல நம்மைப் பிடித்து வைப்பவை. பயணக் கட்டுரை, கடிதம், நாடகம், வானொலி உரைச்சித்திரம் என்று நீட்டிக்கொண்டே போகலாம்.

வேலிகளும் அவ்வளவு உறுதியானவை அல்ல. அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1936 முதல் படைப்பெழுத்தைப் பட்டப்படிப்பாகவே நடத்திவருகிறார்கள். பல நாட்டு எழுத்தாளர்களை அழைக்கும் திட்டமொன்றும் அங்கே உண்டு. 1973-இல் அசோகமித்திரன் அதற்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். அந்த அனுபவத்திலிருந்து ‘ஒற்றன்’ எழுதினார். அது பயணக் கட்டுரையா, தனித்தனிச் சிறுகதைகளா, நாவலா? மூன்றும் என்று சொல்லலாம். எந்த அலமாரியில் வைப்பது என்பது நூலகரின் கவலை.

வடிவத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அதை முன்கூட்டி முடிவு செய்யக்கூடாது. ஒரு கணத்தில் நெஞ்சை அடைத்து அடுத்த கணத்தில் போய்விடுவது கவிதை கேட்கும். ஒரு நாளில் ஒருவர் மாறிப்போவது சிறுகதை. மாற்றத்துக்குச் சில ஆண்டும் ஓர் ஊரும் வேண்டுமென்றால் நாவல். இருவர் பேசிக்கொள்வதிலேயே எல்லாம் அடங்கிவிட்டால் நாடகம். பாத்திரம் வாங்கிவந்த பிறகு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பவர் உண்டா? நான் அதைத்தான் செய்தேன். கவிதை எழுத வேண்டும் என்று முதலில் முடிவு செய்தேன், பிறகு எதைப் போடலாம் என்று தேடினேன், அம்மா அகப்பட்டாள்.

என் அம்மா என்ன வேலை செய்கிறாள்? சாத்தூருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி ஒரு குரோஸ். ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒட்டுவாள். எண்ணிக்கை மட்டும் தவறாது. பிறகு ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை. இப்போது அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பொறுக்கி வைத்துக்கொண்டே இருக்கும். இருபது ஆண்டுகளாக இதைப் பார்த்தவன் நான். என் கவிதையில் மெழுகுவத்தி வந்தது, தீக்குச்சி வரவில்லை!

சென்ற மழைக்காலத்தில் பேகம்பேட்டு அறையில் ஐந்து நாள் காய்ச்சலாகக் கிடந்தேன். இரவு வழக்கம்போல் அம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

“என்னய்யா, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்மா.”

“ஒடம்பு நல்லாருக்கா?”

“நல்லாருக்கு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரசத்துக்கு மொளகு ஒரு கை கூடப் போட்டுக்க. தண்ணியச் சுடவச்சுக் குடி” என்றாள். காய்ச்சல் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலா என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டிவரும் என்று அந்த வேலையிலிருந்து என்னை விடுவித்துவிட்டாள்.

இதைக் கவிதையாக்க முடியவில்லை. கட்டுரையாக்கினால் தாயன்பின் பெருமை என்று பிரசங்கம் வந்துவிடுகிறது. கடைசியில் உரையாடல் மட்டுமே உள்ள இரண்டு பக்கமாக எழுதினேன். மகன் பக்கத்திலிருந்து அன்று, அம்மாவின் பக்கத்திலிருந்து. பேசும்போது அவள் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் இடையிடையே குறித்தேன். கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். இந்த முறை மறுநாளே வந்துவிட்டது. ஓரத்தில் மறுபடியும் பென்சில்: “கடைசிப் பத்தி வேண்டாம்.” கடைசிப் பத்தியில் நான் தாய்மையைப் போற்றி நான்கு வாக்கியம் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

அடுத்த மலருக்கு இம்மாத இறுதிவரை எழுத்துகளைப் பெற்றுக்கொள்கிறோம். நம் சங்கத்தில் என்னைப்போல் படிக்க வந்தவர்கள் உண்டு. மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களும் உண்டு. பின்னவர்களில் பலர், தமிழ் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது என்று ஒதுங்கிப் போகிறார்கள். தெலுங்கும் உருதும் கலந்து அவர்கள் வீட்டில் பேசும் தமிழ் வேறெங்கும் கிடைக்காதது. அதை இலக்கணம் பார்த்துத் திருத்த மாட்டோம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள நாங்கள் நால்வர் இருக்கிறோம். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் சங்க அறை திறந்திருக்கும். தாளும் பென்சிலும் அங்கேயே இருக்கின்றன.